போர்க்கால விமான நாவல்களைத் தமிழுக்குக் கொண்டு வாருங்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் வான்களத்தை வைத்து அரை நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பரபரப்பு நாவல்களைத் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். "விமானக் கதையைத் தமிழில் யார் படிப்பார்கள்?" என்று உங்களுள் ஒருவர் என்னிடம் கேட்டார். அன்று சரியாகச் சொல்ல முடியாமல் போன விடையை இங்கே எழுதுகிறேன்.

இந்நாவல்களின் விறுவிறுப்பு வீரவசனத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 1940இல் பிரிட்டனின் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளில் இருந்த தோட்டாக்கள், விசையை விடாமல் அழுத்தினால் ஏறக்குறைய 15 விநாடிகளில் தீர்ந்துவிடும். ஜெர்மனியின் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 லண்டன் வரை வந்துவிட்டால், அங்கே சுமார் பத்து நிமிடம் சண்டையிடத்தான் அதற்கு எரிபொருள் மிஞ்சும். துரத்துபவனுக்குத் தோட்டா தீர்கிறது, துரத்தப்படுபவனுக்கு எரிபொருள் தீர்கிறது என்ற நிலையில் படிப்பவர் புத்தகத்தைக் கீழே வைப்பாரா?

ஸ்பிட்ஃபயரின் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் எரிபொருள் மேலெழும்பி, எஞ்சின் ஒரு கணம் திணறும். எரிபொருளை நேராக உருளைக்குள் பீய்ச்சும் ஜெர்மன் எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே பிரிட்டிஷ் விமானி முதலில் விமானத்தை மல்லாத்தி, பிறகே கீழே பாய வேண்டியிருந்தது. 1941இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர், துளையிட்ட சிறியதோர் உலோக வில்லையைப் பொருத்தி அக்குறையைப் பெருமளவு தணித்தார். கட்டைவிரல் நகமளவு உலோகத்தில் ஒருவனுடைய உயிர் தொங்குவதை நல்ல விமான நாவல் நமக்குக் காட்டிவிடுகிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆங்கில எழுத்தாளர் லென் டெய்ட்டன் 1970இல் எழுதிய 'பாம்பர்' (குண்டுவீச்சு விமானம்) நாவலைச் சொல்வேன். ஒரே ஒரு குண்டுவீச்சை, வானில் பறப்பவர்கள், அவர்களை வேட்டையாடும் இரவுச் சண்டை விமானிகள், கீழே குண்டுக்குக் காத்திருக்கும் ஜெர்மன் ஊர்மக்கள் என எல்லாப் பக்கமிருந்தும் சொல்லும் நாவல் அது. அந்நிகழ்ச்சிக்கு அவர் இட்ட தேதி 1943 ஜூன் 31. நாட்காட்டியிலேயே இல்லாத நாள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர் என்ற எண்ணிக்கையை நான் முன்பே அறிந்திருந்தேன். அதன் கனம் அந்நாவலைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த வானம் நமக்கு அந்நியமானதும் அன்று. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. அச்சத்தில் சென்னையே பாதி காலியானது.

ஒன்றே ஒன்றைக் கவனித்துச் செய்யுங்கள். காக்பிட் (விமானி அமரும் அறை), கார்புரேட்டர் போன்ற சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். புதுச்சொல் தேடி வாசகரை நடுவானில் நிறுத்த வேண்டாம். எஞ்சின் அறிந்த ஒருவர் மொழிபெயர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். மெய்ப்புப் பார்க்க ஆள் தேவையென்றால், ஊதியமின்றிச் செய்து தர நான் அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்