பெயர் போடாத நன்றி மடல்

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. நன்றி சொல்ல பதிப்பாளர் முழுசாக ஒரு பக்கம் ஒதுக்கித் தந்தும் அதில் நான் நாலு வரிதான் எழுதினேன். உதவி செய்தவர்களில் பாதிப் பேர் "என் பேரு மட்டும் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு அம்மா அப்பா இன்னும் நாவலில் வருகிற மாதிரி ஒரு கிறிஸ்தவச் சபையில் இருக்கிறார்கள், ஒருவருக்கு அங்கேதான் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், இன்னொருவரின் தம்பி அங்கே கீபோர்டு வாசிக்கிறான். ஆகவே பெயர் இல்லாமல், ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிகிற மாதிரி, இங்கே கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு: தூத்துக்குடியில் ஒரு தனிச் சபை (பெரிய திருச்சபை எதிலும் சேராமல் ஒரு பாஸ்டர் தானாக நடத்துவது), அதில் பாஸ்டரோடு சேர்ந்து சபைக் காரியங்களைப் பார்க்கும் மூப்பரின் மகள் அவள். அவன் முதலூர் என்கிற ஊரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பையன். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள், இரண்டு வீட்டிலும் அதே வேதாகமம், அப்புறம் என்ன பிரச்சினை என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். பையன் கைக்குழந்தையில் ஞானஸ்நானம் எடுத்தவன், அவன் அம்மா கழுத்தில் தாலிச் செயின் கிடக்கிறது. விவரம் தெரிந்த வயதில் எடுப்பதுதான் ஞானஸ்நானம், கழுத்தில் நகை கூடாது என்கிற சபைக்கு இது போதும். அந்தச் சபையில் யார் யாரைக் கட்டலாம் என்று உபவாசம் இருந்து ஜெபித்துச் சொல்பவர் பாஸ்டர், அவர் "கர்த்தர் சமாதானம் தரலை" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

முதல் நன்றி மைனிக்கு. (மைனி என்றால் அண்ணி. சொந்த மைனி இல்லை, நான் அப்படிக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான். யாரும் என் குடும்பத்தில் தேட வேண்டாம்.) இப்போதும் அப்படி ஒரு சபைக்குப் போய்க்கொண்டிருப்பவர். வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு செல்போனில் ஒவ்வொரு அத்தியாயமாகப் படித்து, காலையில் குரல் பதிவு அனுப்புவார், பின்னால் குக்கர் விசில் கேட்கும். "பாஸ்டரை வில்லனா எழுதாத, எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. எங்க மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தது யாரு? சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். நாவலின் முதுகெலும்பே இந்தக் கேள்விதான். ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர், பையனுக்கு வேலை சொல்லி வாங்கித் தந்தவர், பீஸ் கட்டப் பணம் இல்லாத ஜூன் மாதத்தில் கேட்காமலே கவர் கொடுத்தவர். அந்த மனிதர் சொல்லுக்கு மறு சொல் சொல்ல ஒரு குடும்பத்துக்கு எப்படி வாய் வரும்? அதனால் என் கதையில் பாஸ்டர் ஒரு தடவைகூடக் கத்துவதில்லை. கத்துவது அப்பா, அழுவது அம்மா, போனை எடுத்துப் பார்ப்பது தம்பி. சபை வாசலில் கண்காணிக்க ஆள் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, வீட்டுக்குள்ளேயே பாசத்தோடு அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது. மைனி, இதை நீங்கள் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை, ஆனால் இது உங்களுடையது.

அடுத்தது பாளையங்கோட்டையில் ஓய்வில் இருக்கும் ஐயருக்கு. ஐயர் என்றால் திருநெல்வேலிக்காரர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்கு: எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை அப்படித்தான் சொல்வோம். கதையில் அவளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுப்பி நிறுத்தி, மைக்கில் பெயர் சொல்லி, சபையை விட்டு விலக்கி வைக்கிறார்கள். அந்தக் காட்சிக்கு மத்தேயு 18-ஐ வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டியவர் அவர். குற்றம் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். "முத ரெண்டு படியையும் விட்டுட்டு நேரா மைக்குக்குப் போறாங்கம்மா" என்றார். அப்புறம் அந்த இடத்தின் கடைசி வரி, "அவன் உனக்கு அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும் இருப்பானாக." இது எழுதியிருக்கிற சுவிசேஷத்துக்குப் பெயர் கொடுத்த மத்தேயுவே ஆயத்துறையில் வரி வசூலிக்க உட்கார்ந்திருந்த ஆயக்காரன்தானே, அவன் வீட்டுப் பந்தியில் இயேசு சாப்பிட்டாரே என்று சொல்லிவிட்டு ஐயர் காப்பி குடிக்கப் போய்விட்டார். நாவலில் அவள் ஆச்சி இதையே சொல்கிறாள், காப்பி இல்லாமல்.

சங்கீதம் 105-இல் வரும் "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்ற வசனத்தையும் அவர்தான் முழுச் சங்கீதத்தோடு சேர்த்துப் படிக்க வைத்தார். அது ஊர் ஊராகப் பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம் வீட்டாரை ராஜாக்களிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வார்த்தை. பாஸ்டரிடம் கணக்குக் கேட்கும் விசுவாசியின் வாயை அடைக்க அதை எடுத்துவிடுகிறார்கள். இந்த நோய் நம்மூரில் மட்டும் வந்ததும் இல்லை. 1970-களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஐந்து போதகர்கள் சேர்ந்து, ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஒரு மேய்ப்பர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். வேலை மாறவும் கல்யாணம் செய்யவும் மேய்ப்பரைக் கேட்க வேண்டும் என்கிற அளவுக்கு அது பல இடங்களில் போனது. அந்த ஐவரில் டெரெக் பிரின்ஸ் 1980-களில் விலகிக்கொண்டார், பாப் மம்ஃபோர்டு பிற்பாடு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நம் பக்கம் வந்து சேரவில்லை, போதனை மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

வக்கீல் அக்காவுக்கு ஒரு பெரிய நன்றி, ஏனென்றால் கதையின் இரண்டாம் பாதி அவர் போட்டுத் தந்த ரோட்டில்தான் ஓடுகிறது. காதலர்கள் ஓடிப்போய்க் கல்யாணம் செய்வது சினிமாவில் ஒரு பாட்டு நேரம். நிஜத்தில் பையனின் கோவிலில் (சர்ச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், பெண்ணின் சபையிலிருந்து கடிதம் கேட்பார்கள், அந்தக் கடிதத்தை பாஸ்டர் தர மாட்டார். மறுக்கவும் மாட்டார், "ஜெபிக்கிறேன்" என்று மாதக்கணக்கில் இழுப்பார். 1872-ஆம் வருடத்து கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் யார் திருமணம் நடத்தலாம் என்று தெளிவாக இருக்கிறது, அதிகாரம் இல்லாமல் நடத்திவைப்பவருக்கு 10 வருடம் வரை சிறைகூட உண்டு. ஆகவே தெரிந்த ஒரு ஊழியரைக் கூப்பிட்டு மாடியில் வைத்து முடித்துவிடலாம் என்பதும் நடக்காது. மிச்சம் 1954-ஆம் வருடத்து சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் நோட்டீஸ், அதுவும் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். அந்த நோட்டீஸை ஒருவர் போனில் படம் எடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற இடத்தை நான் எழுதியபோது அக்கா கற்பனை என்று சொல்லவில்லை, "தேதி மட்டும் சரியா போடு" என்றார்.

கல்லறை அத்தியாயத்துக்காக ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மகன் சபைக்கு வெளியே கல்யாணம் செய்தான் என்பதற்காக அப்பாவின் அடக்க ஆராதனைக்கு யாரும் வரவில்லை என்று என்னிடம் சொன்னவர் அவர். "செத்தா உன்னைப் புதைக்க யாரு வருவா?" என்ற பயம் எங்கள் பக்கம் எவ்வளவு பெரியது என்று அந்த வீட்டுக்குள் போகாமல் புரியாது. பரலோகத்தைப் பற்றிய பயத்தைக்கூட ஆறு அடி நிலத்தைப் பற்றிய பயம் ஜெயித்துவிடும். அனுமதி தந்ததற்கும், எழுதின பிறகு "இவ்வளவு போதும்" என்று நிறுத்தச் சொன்னதற்கும் நன்றி.

சரி, இது காதல் நாவல் என்பதே மறந்துபோகும் போல இருக்கிறது. காதலை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தவர்கள் என் கல்லூரித் தோழிகள் இருவர். "ரெண்டு பேரும் எப்பப் பாத்தாலும் வசனம் பேசுறாங்க, கொஞ்சம் சிரிக்க விடு" என்றார்கள். முதலூரிலிருந்து அவன் வாங்கிவரும் மஸ்கோத் அல்வா, அவள் அலுவலகத்து டிபன் பாக்ஸில் எண்ணெய்க் காகிதத்தோடு வந்து சேர்வது இவர்கள் கைங்கரியம். வேதாகமத்தில் இருக்கும் காதல் பாட்டான உன்னதப்பாட்டை கிறிஸ்துவும் சபையும் என்று மட்டுமே பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்த பெண், அதை ஒரு மத்தியானம் தானாக எடுத்து, ஒரு பெண்ணும் ஆணும் பேசிக்கொள்வதாகப் படிக்கிறாள். அந்த இரண்டு பக்கம் எனக்குப் பிடித்த பக்கம், அதை எழுத வைத்ததும் இந்த இரண்டு பேரும்தான். அசனத்தில், அதாவது கோவில் பொது விருந்தில், அவள் முதல் முறை முதலூர் சனங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தை என் மாமியார் சரிபார்த்துத் தந்தார். குழம்பு எந்தப் பாத்திரத்தில் வரும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

பதிப்பாளருக்கு நன்றி. வேறு இரண்டு இடங்களில் பாஸ்டர் கடைசியில் மனந்திரும்பி அவர்களை ஆசீர்வதித்தால் உடனே போடுகிறோம் என்றார்கள். இவர் அப்படி எதுவும் கேட்கவில்லை, விலையை மட்டும் நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மெய்ப்பு பார்த்த தம்பிக்கும் நன்றி, கிறிஸ்தவன் இல்லாவிட்டாலும் "ராப்போஜனம்", "பின்மாற்றம்" என்கிற சபை வார்த்தைகள் எல்லாவற்றையும் திருத்தாமல் அப்படியே விட்டதற்கு.

அம்மாவுக்கு இங்கே நன்றி சொன்னால் கோபப்படுவார். அம்மா நாவலே படிப்பதில்லை, அது உலகக் காரியம். தமிழின் முதல் நாவலை 1879-இல் கொண்டுவந்தவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்கிற கிறிஸ்தவர்தான் என்று சொல்லிப் பார்த்தேன், "அவரு ஆர்.சி." (ரோமன் கத்தோலிக்கர்) என்று முடித்துவிட்டார். இருந்தாலும் கதைக்குள் இருக்கும் அம்மா பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அவருடையது.

இனி படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்றுதான். இது விசுவாசத்துக்கு எதிரான புத்தகம் என்று யாராவது ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால், திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் அவள் கடைசி வரைக்கும் ஜெபிக்கிறவள்தான், அதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள். வீட்டில் புத்தகம் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் எனக்குச் சொன்னால் போதும், அலுவலக முகவரிக்கு அனுப்பிவைக்கிறேன்.