எல்லா வெள்ளணுவும் அமிலத்தை நம்புவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கி அமிலத்தில் கரைத்துவிடும்' என்று போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் அந்த வரியைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, "பேரனுக்கு அமிலம் பத்தவில்லை, தினமும் எலுமிச்சைச் சாறு கொடுங்கள்" என்று எழுதினார். என் மகள் அன்றிரவு சாப்பிடவே இல்லை.

பேரனுக்கு இருப்பது நாட்பட்ட கிரானுலோமா நோய்; வெள்ளணுக்களால் சில கிருமிகளையும் பூஞ்சைகளையும் கொல்ல முடியாத பிறவிக் குறை. பூஞ்சைக்குப் பயந்து வாசலில் இருந்த துளசித் தொட்டியைக்கூட எடுத்துவிட்டோம். தினமும் மருந்து. இத்தனைக்கும் நடுவில் இந்த எலுமிச்சை!

விழுங்கிய கிருமியை அணு ஒரு பைக்குள் அடைக்கிறது. அதுதான் ஃபேகோசோம். மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு வகையின் பை புளித்து, பிஎச் 5 அளவுக்கு இறங்கும் என்பது சரி (பிஎச் 7 நடுநிலை; அதற்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு). நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணு வகையின் பை அப்படியல்ல. தொடக்கத்தில் அது புளிப்பதே இல்லை, 7-க்கு மேலேகூட நிற்கும். அங்கே ஒரு என்சைம் ஆக்சிஜனை சூப்பராக்சைடாக மாற்றுகிறது. அதிலிருந்து, நாம் தரை துடைக்கும் பிளீச்சில் இருக்கிற அதே வகைப் பொருள் கிருமியைக் கொல்ல உண்டாகிறது. பேரனுக்குப் பழுதானது அந்த என்சைம்தான். அதனால் அவனுடைய நியூட்ரோஃபில் பை மற்றவர்களுடையதைவிட அதிகமாகவே புளிக்கிறது. அமிலம் குறைவு என்று எந்த வாயால் சொல்வது? டென்ட்ரிடிக் அணு இன்னொரு ரகம். கிருமியின் துண்டுகளை, அதை அடையாளம் கண்டு எதிர்க்கும் டி அணுக்களுக்குக் காட்ட வேண்டும் என்பதால் அது மெதுவாகத்தான் செரிக்கும்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. 27 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சீழ் பச்சையாக இருப்பதற்கு நியூட்ரோஃபிலில் உள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற பச்சை நிற என்சைம் ஒரு காரணம். அந்தப் பச்சையைத் தினம் பார்த்த கண் இது.

முன்பு டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு என்று போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. தமிழ் வாசகருக்கு இவ்வளவு போதும் என்று யார் முடிவு செய்தது? அரை நூற்றாண்டாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கும் வீடு எங்களுடையது. அறிவியலில் எங்களை ஏன் இப்படிக் குழந்தையாக நடத்துகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதைப் படமெடுத்து அதே குடும்பக் குழுவில் நானே போடுகிறேன்.

அன்புடன்,
தோ பாயோ வாசகர்