பாட்டிலுக்குள் நான்கு நிறங்கள்

வடபழனி, சென்னை
கார்த்திகை 3

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை.

ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிறது என்று நீ அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டதும், பாட்டிலின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியதும் என் காதுக்கு வந்தது. சினிமா ஸ்டுடியோவில் மேக்கப்மேனாக அரை ஆயுளைப் பிறர் முகத்தில் செலவழித்தவன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீயோ யூடியூபில் யாரோ ஒரு பெண் சொன்னாள் என்று வாங்கியிருக்கிறாய். இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சரக்கில் குறையில்லை. பட்டியலின் கடைசியில் சில எண்கள் இருக்கின்றன, பார். 77891 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு; வெள்ளை. 77492 மஞ்சள், 77491 சிவப்பு, 77499 கறுப்பு. இந்த மூன்றும் இரும்பு ஆக்சைடுகள், துருவுக்குப் பங்காளிகள். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஃபவுண்டேஷன்களில் பெரும்பாலானவை இந்த நான்கின் கலவைதான். நல்ல கரிய ஷேடுகளில் சில கம்பெனிகள் கொஞ்சம் நீலமும் சேர்ப்பார்கள். பாட்டிலுக்குப் பாட்டில் மாறுவது அளவு மட்டுமே.

உன் தோலைவிட வெளுத்த ஷேடில் வெள்ளை தூக்கலாக இருக்கும். அது பழுப்புத் தோலின்மேல் மெல்லிய படலமாகப் படியும்போது அடியிலுள்ள கருமை அதன் ஊடே தெரிகிறது. வெள்ளையும் கருமையும் சேர்ந்தால் சாம்பல்தானே? போதாததற்கு நீ வாங்கியது இளஞ்சிவப்புச் சாயல் உள்ளது. உனக்கு என் அம்மாவின் நிறம். மஞ்சள் ஓடும் பழுப்பு. அதே பாட்டிலில் இரண்டு படி இறங்கி, மஞ்சள் கூடிய ஷேடைக் கேள்.

வெளுத்ததை நீ கேட்டாயா, கடைப் பெண் எடுத்துக் கொடுத்தாளா என்று விசாரிக்கப்போவதில்லை. இந்தப் பழக்கம் நம் வீட்டில் தொடங்கியதும் அல்ல. ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. 2020-இல் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, கல்யாண மண்டபத்து மணப்பெண் அறையில் "இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத் தூக்கிப் போடுங்கள்" என்று கேட்கும் குரல் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் காலத்தில் கரிய முகத்துக்குக் கச்சிதமான ஷேடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு மூன்று மேக்கப் ஸ்டிக்குகளைப் புறங்கையில் இழைத்துக் கலந்துதான் நிறம் எடுப்போம். 2017-இல் பாடகி ரிஹானா ஃபென்டி பியூட்டியை 40 ஷேடுகளோடு தொடங்கினார். அதற்கு முன்பும் கரிய ஷேடுகள் செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த விற்பனையைப் பார்த்த பிறகு பெரிய கம்பெனிகளும் வரிசையை நீட்டத் தொடங்கின. இன்று டொராண்டோவில் இருந்துகொண்டு உன் நிறத்துக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எப்படிப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. எங்கள் தொழிலில் முகத்துக்கு முன் விளக்கைப் பார்ப்போம். வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் கணக்கில் சொல்வோம். பழைய டங்ஸ்டன் விளக்கு 3200 கெல்வின், மஞ்சளடிக்கும். பகல் வெளிச்சம் 5600 வாக்கில், நீலம் கலந்தது. ஒரே முகம், ஒரே பூச்சு. ஷூட்டிங் ஃப்ளோருக்குள் பொன்னாக இருந்தது வெளியே வந்தால் வேறாக நிற்கும். கடைக்குள்ளோ பல விளக்குகள் கலந்து கிடக்கும். அந்த வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்து முடிவெடுக்காதே. பகலில் போ. முகத்தில் ஒன்றும் போடாமல் போ. மூன்று ஷேடுகளைக் கன்னத்தின் அடியிலிருந்து தாடை வழியாகக் கழுத்து வரை மெல்லிய கோடுகளாக இழுத்துக்கொள். புறங்கையில் பார்ப்பது வீண். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. பிறகு கடையைவிட்டு வெளியே வந்து ஒரு காபி குடி. ஒரு கால் மணி நேரமாவது போகட்டும். தோலின் எண்ணெயோடு சேர்ந்து சில பூச்சுகள் ஒரு படி கறுக்கும், சில ஆரஞ்சாகத் திரும்பும். அதற்குப் பிறகு எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் உன்னுடையது.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து தோலின் அடிநிறம் மஞ்சள் சாயலா இளஞ்சிவப்புச் சாயலா என்று சொல்லும் வித்தையை எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். நம் நிறத்தில் பாதிப் பேருக்கு நரம்பே தெளிவாகத் தெரியாது, பிறகு அதன் நிறத்துக்கு எங்கே போவது? கழுத்தைப் பார், போதும். ஷேடின் பெயரில் வரும் எழுத்துக் குறிகளையும் நம்பிவிடாதே. பெரும்பாலும் டபிள்யூ என்றால் மஞ்சள், பொன் சாயல். சி என்றால் இளஞ்சிவப்புச் சாயல். ஆனால் மேக் கம்பெனியில் என்சி என்பதுதான் மஞ்சள் பக்கம், என்டபிள்யூ இளஞ்சிவப்புப் பக்கம். ஒரு கம்பெனியின் எண்ணைக் கொண்டுபோய் இன்னொன்றில் கேட்பதும் அதே கதைதான்.

இனி தோல். இங்கே இருந்தபோது உனக்கு எண்ணெய்ச் சருமம். காலை எட்டு மணிக்குப் போட்ட பவுடர் பதினொன்றுக்கு மூக்கில் திட்டுத் திட்டாக நிற்கும். அந்தக் கணக்கிலேயே அங்கும் எண்ணெய் உறிஞ்சும் மேட் ரகத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாய். அங்கே வெளியில் குளிர்காற்று, உள்ளே ஹீட்டர். இரண்டும் தோலின் ஈரத்தை எடுத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார். முகத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விடு. பிறகு டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக அழுத்தி எடு. மூக்கில் மட்டும் எண்ணெய் ஒட்டி, கன்னம் இழுத்துப் பிடித்தால் உன் தோல் இப்போது கலப்பு ரகம். அப்படியானால் கன்னத்துக்கு கிளிசரின் உள்ள மாய்ஸ்சரைசர் தாராளமாக, மூக்குக்குப் பெயருக்கு. அதைத் தடவிய கையோடு ஃபவுண்டேஷனை எடுக்காதே. ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடித்த கதையாக எல்லாம் வழித்துக்கொண்டு வரும். பல் துலக்கி, தலை வாரிவிட்டு வா. அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும்.

ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமர் கட்டாயமில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்று கவனி: வழுவழுப்பான சிலிகோன் பிரைமரின்மேல் தண்ணீர் ரக ஃபவுண்டேஷன் சில நேரம் உருண்டு உருண்டு உதிரும். இரண்டும் ஒரே ரகமாக இருந்தால் வம்பில்லை.

சன்ஸ்கிரீன் பற்றி அம்மா தினமும் சொல்கிறாள், நான் நீட்டவில்லை. பனி விழுந்து கிடக்கும் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் என்பதை மட்டும் மறக்காதே. அம்மாவுக்கு வந்த மங்கு உனக்கும் வரலாம். அதற்கு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் நல்லது; அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது, வெள்ளை பூத்தும் நிற்காது.

பூசும் விதத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நம்மில் பலருக்கும் நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் கன்னத்தைவிடக் கறுத்திருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அத்தனையையும் ஒரே நிறமாக்கப் பாடுபடுவார்கள். முடிவில் முகமூடி மாட்டியதுபோல் இருக்கும். நெற்றியின் அந்த ஒரு படிக் கருமைதான் முகத்துக்கு வடிவம் தருகிறது, அதை விட்டுவிடு. பட்டாணி அளவு எடுத்து மூக்கின் இரு பக்கத்திலும் வாயோரத்திலும் வை. ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதனால் ஒற்றி ஒற்றி வெளிப்பக்கமாகப் போ. தேய்த்து இழுத்தால் கோடு விழும். காதுப்பக்கம் போகும்போது ஸ்பாஞ்சில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது. பரு இருந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு புள்ளி.

கருவளையம்தான் உனக்குப் பெரிய கவலை என்று அம்மா சொன்னாள். இரவு ஷூட்டிங் முடிந்து மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வந்து நாற்காலியில் உட்காரும் நடிகைகளைப் பார்த்துப் பழகியவன் நான். உதவியாளர்கள் நேராக வெளுத்த கன்சீலரை, அதாவது கறையை மறைக்கும் கெட்டிப் பூச்சை, அள்ளி அப்புவார்கள். கண்ணைச் சுற்றிச் சாம்பல் வட்டம் விழும். நான் அதைத் துடைத்துவிட்டு, கருமையின் நிறத்தை அடிக்கும் ஆரஞ்சு கரெக்டரை அரிசிமணி அளவு மோதிர விரல் நுனியில் எடுப்பேன். அந்த விரலுக்குத்தான் அழுத்தம் குறைவு. இரண்டு விரல்களை உரசி முதலில் சூடாக்கிக்கொள்வேன், பசை இளகும். பிறகு கண்ணின் உள்மூலையில் கருநீலம் எங்கே ஆழமாக இருக்கிறதோ அங்கே மட்டும் தட்டுவேன். நீலத்தை ஆரஞ்சு அடித்துவிடும். பள்ளம் நிரம்பியதுபோல் தெரியும். அதன்மேல் தோல் நிறக் கன்சீலர் ஒரு மூச்சளவு. இமை முடிக்குக் கீழே ஒரு கோதுமை அகலம் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் சிரிக்கும்போது சுருக்கத்தில் போய்ச் சேரும். நீ மாநிறத்தில் கரிய பக்கம் என்பதால் பீச் நிறம் போதாது, நல்ல ஆரஞ்சாகவே வாங்கு. டப்பாவில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

கன்னத்துக்கும் உதட்டுக்கும் ஒரே விதி: வெள்ளை கலந்த எதுவும் நமக்கு ஆகாது. குழந்தை ரோஜா நிறம் நம் கன்னத்தில் சுண்ணாம்பு. செங்கல் சிவப்பு, பிளம், நாவல்பழ நிறம், இவை கண்ணுக்கு மிரட்டலாக இருந்தாலும் தோலில் இழைத்தால் ரத்த ஓட்டம்போலத் தெரியும். உதட்டுக்கு "நியூட்" என்று விற்பதில் பாதி அந்த ஊர்ப் பெண்களின் உதட்டு நிறம். உன் நியூட் இலவங்கப்பட்டைப் பழுப்பு. மேலுதடு கறுத்து, கீழுதடு வெளுத்திருந்தால் லைனரைக் கீழே மட்டும் நிரப்பிவிட்டு லிப்ஸ்டிக் போடு, இரண்டும் ஒன்றாகிவிடும்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கண்டிப்போடு படி. உன் அறைத்தோழி கொடுத்ததாகச் சொன்னாயே, லேபிளில் தயாரிப்பாளர் முகவரிகூட இல்லாத அந்த நைட் கிரீம், அதைக் குப்பையில் போடு. நான்கைந்து நாளில் முகம் பளபளத்தது என்றால் அதில் பாதரசம் இருக்கலாம், அல்லது ஸ்டீராய்டு இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளில், குறிப்பிட்ட ஒரு புரதம் தென்பட்ட 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள் என்று வெளிவந்தது. ஸ்டீராய்டு இன்னொரு விதம். பெட்டாமெத்தசோன், மோமெட்டசோன் உள்ள டியூபை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடிக்கும்; நிறுத்தினால் இன்னும் எரியும். அந்த முகங்களில் நான் வேலை செய்திருக்கிறேன். பஞ்சு பட்டாலே கண்ணில் நீர் வந்துவிடும். எந்த ஃபவுண்டேஷனும் அதை மூடாது.

ஸ்டிக்கர் பொட்டையும் ஒரே இடத்தில் நாள் முழுக்க ஒட்டி வைக்காதே. சில பசைகளில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் அந்த இடத்தில் நிறத்தையே எடுத்து வெள்ளைத் திட்டு விழச் செய்யும். புதிதாக எது வாங்கினாலும் காதின் பின்னே தடவி இரண்டு நாள் பார். மஸ்காரா திறந்து மூன்று மாதமானால் தூக்கிப் போடு. இரவில் எத்தனை மணிக்கு வந்தாலும் கலைத்துவிட்டுத் தூங்கு. அதற்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், உனக்குப் பரு வரும் தோல். மைசெல்லார் தண்ணீர் வாங்கிக்கொள்.

தை மாதம் உன் சித்தி மகள் கல்யாணத்துக்கு வரும்போது நீ பழகிய ஃபவுண்டேஷனைக் கையோடு கொண்டுவா. மண்டபத்துக்கு வரும் பார்லர் பெண்ணிடம் அதையே கொடு. நலங்கு முதல்நாள் மாலை என்கிறார்கள், முகத்தில் மஞ்சளைக் கொஞ்சமாகப் பூசச் சொல். மறுநாள் வரை ஒட்டியிருந்து ஷேடைக் கெடுக்கும். சிலிக்கா நிறைந்த வெள்ளைப் பவுடரை மூக்கில் தட்ட வந்தால் வேண்டாம் என்று சொல். நேரில் ஒன்றும் தெரியாது, ஃப்ளாஷ் அடித்தால் படத்தில் மாவு கொட்டியதுபோல் வரும். ஹோமப் புகையில் வியர்த்தால் துடைக்காதே, டிஷ்யூவால் ஒற்று. உன் பெரியத்தை எப்படியும் அறைக்குள் வந்து, இன்னும் இரண்டு ஷேடு தூக்கச் சொல்லி நிற்பாள். அவளைப் பந்திக்கு அழைத்துப்போய் உட்காரவைப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
அப்பா