வெங்கர் போகட்டும் என்று நானும் சொல்கிறேன்

காட்பாடி
9-3-2017

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

போனில் நீ பேசிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நம் ஆர்சனல் கிளப்பின் கோச்சை எதிர்த்து, லண்டனில் பழைய ஹைபரி மைதானத்திலிருந்து புது ஸ்டேடியம் வரை 'வெங்கர் வெளியேறு' என்று தட்டி பிடித்து நடந்தவர்களோடு நீயும் போனாய் என்றதும் அம்மா பயந்துவிட்டாள். எனக்குப் பயமில்லை, மனசுதான் கனத்துப்போனது. நீ செய்தது சரி என்று எனக்கும் பட்டுவிட்டதே!

பயர்ன் முனிச்சோடு ராத்திரி ஒன்றேகாலுக்கு ஆரம்பித்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தைக் கடைசி வரை பார்த்தேன். நம் வால்காட் முதல் கோலைப் போட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் கோஷியெல்னி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனதும் எல்லாம் சரிந்தது. முனிச்சில் 5-1, சொந்த மண்ணிலும் 5-1. தோற்கலாம்டா, பயர்ன் பெரிய டீம். பத்துப் பேரானதும் பின்னால் இழுத்து நின்று மானத்தைக் காப்பாற்றுவோம் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் பொறுக்கவில்லை. கடைசிப் பதினாறு டீம் ஆடுகிற இதே கட்டத்தில் தொடர்ந்து ஏழாவது வருஷமாக வெளியேறுகிறோம்.

இந்த வெங்கரை நான் எப்படிக் கொண்டாடினேன் என்று உனக்குத் தெரியும். 1996இல் ஜப்பானில் இருந்த ஒரு கிளப்பிலிருந்து வந்தபோது இங்கிலாந்தில் அவரை யாரென்று கேட்டார்கள். சாக்லேட்டையும் பீரையும் நிறுத்தி வேகவைத்த கோழியும் காய்கறியும் தின்ன வைத்தார். அதைப் படித்துவிட்டுத்தான் நான் நம் பள்ளிக்கூட டீமுக்கு மேட்ச் அன்று பரோட்டாவை நிறுத்தினேன். சுண்டலும் வாழைப்பழமும் தின்றுவிட்டு நேதாஜி ஸ்டேடியத்தில் ஆம்பூர் பையன்களைக் கடைசி நிமிஷம் வரை துரத்தினார்களே, நீ பந்து பொறுக்கிக்கொண்டு கோல்போஸ்ட் பின்னால் நின்றாய். விங்கில் ஓடிக்கொண்டிருந்த ஹென்றியை நடுவே கொண்டுவந்து நிறுத்திய கண் அவருடையது. 2003-04இல் லீக்கில் 38 ஆட்டம், ஒரு தோல்விகூடக் கிடையாது. வாத்தியார் என்றால் அவர்தான் என்று ஸ்டாஃப் ரூமில் சண்டை போட்டிருக்கிறேன்.

புது ஸ்டேடியக் கடனுக்காக ஃபேப்ரெகாஸையும் வான் பெர்சியையும் விற்றார்கள் என்றபோதும் அவர் பக்கம்தான் நின்றேன். ஆனால் 2013இல் நாலேகால் கோடி பவுண்டுக்கு ஓசிலை வாங்கிய பிறகு பணமில்லை என்று எப்படிச் சொல்வது?

என் நம்பிக்கை நிஜமாகவே விட்டுப்போனது போன வருஷம்தான். மற்ற பெரிய டீம் எல்லாம் தடுமாறிய வருஷம். பிப்ரவரியில் வெல்பெக் கடைசி நொடியில் தலையால் முட்டிய கோல் ஞாபகம் இருக்கிறதா? லெஸ்டர் டீமை இரண்டு முறையும் ஜெயித்தோம். பிரீமியர் லீக் கோப்பையைப் பத்துப் புள்ளி முன்னால் போய் லெஸ்டரே எடுத்துக்கொண்டது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தக் கோச்சுக்கு வாய்க்கும்?

அவருக்கு ஆட்டம் மறந்துவிட்டது என்று நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2007இல் கிளப்பின் துணைத் தலைவர் டேவிட் டீன் போனார் பார், அதோடு அந்த கிளப்பில் அவரிடம் "இது சரிப்படாது" என்று சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. பழைய கேப்டன் வியெரா இடத்தில் இன்றுவரை அப்படி ஒருவன் வரவில்லை. டிஃபென்ஸ் மேலேறி நிற்க, பின்னால் காலியாகக் கிடக்கிற இடத்தில் ஒவ்வொரு வருஷமும் அதே கோல் விழுகிறது. பத்தாம் கிளாஸ் பையனே கண்டுபிடிப்பான். அவரிடம் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது. அவர் மறுபடி கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால், எனக்குப் பிடித்த மனுஷனை ஊரே ஏசுவதை இன்னும் எத்தனை ராத்திரி பார்ப்பது?

நீ தட்டி பிடி, தடுக்கவில்லை. கெட்ட வார்த்தையில் கத்துகிற கும்பலோடு மட்டும் நிற்காதே. சனிக்கிழமை லிங்கன் சிட்டியோடு எஃப்.ஏ. கப் கால் இறுதி, நமக்கு ராத்திரி பதினொன்றுக்கு. ஐந்தாம் டிவிஷன் டீம் என்று அலட்சியமாக இறங்கிவிடப் போகிறார்களோ என்று இப்போதே பதறுகிறது. டிக்கெட் கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு, யாரை எங்கே நிறுத்தினார் என்று எனக்கு எழுது.

அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா