போத்தல்காரத் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும்

இதை கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவுக் கோயிலடியில் இருந்து கொப்பித்தாளில் எழுதுகிறேன். படகு கரைக்குப் போகும்போது மகளிடம் கொடுத்துவிட்டால் அவள் போனில் அடித்துப் போடுவாள். 1992இல் போருக்குள் இந்தத் தீவை விட்டு எப்படி வெளிக்கிட்டோம், பிறகு திரும்பி வர எத்தனை அரசாங்கக் கச்சேரி ஏறி இறங்கினோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். திருப்பிச் சொல்ல எனக்கும் அலுப்பு. 2018 ஏப்ரல் 23 காலையில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு வந்து இறங்கினோம். இன்னும் இங்கேதான் இருக்கிறோம். அது போதும்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப் பேர். படகும் எண்ணெயும் தந்தவர்கள், கூடவே வந்த சுவாமிமார், சிஸ்டர்மார், கமராவோடு வந்த பிள்ளைகள், தெற்கிலிருந்து வந்து எங்களோடு நிலத்தில் குந்தியிருந்து சோறு தின்றவர்கள். படை பிடித்த காணியைக் கேட்டு எங்களுக்கு முதலே வீதிக்கு இறங்கிய கேப்பாப்புலவு, முள்ளிக்குளம் சனம். கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாமார். பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்கவேண்டாம்.

ஆனால் நான் பேனை எடுத்தது ஒரு ஆளுக்காக.

தீவுக்குத் திரும்ப விடச் சொல்லி 2017 மே முதலாம் திகதி கரையில் இருக்கிற இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கினோம். தீவில் இறங்கியபோது அது ஒரு வருடம் முட்ட ஒரு கிழமைதான் மிச்சம் இருந்தது. அவ்வளவு நாளும் பின்னேரச் செபமாலைதான் எங்களைப் பிடித்து வைத்திருந்தது. அந்த வருடம் சோளகக் காற்று எழும்பிய நேரம், மெழுகுதிரி கொளுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. ஐம்பத்துமூன்று அருள்நிறைந்த மரியே சொல்லவேண்டும், முதல் பத்து முடியமுன்னம் எல்லாம் அணைந்துவிடும். கையைப் பொத்திப் பிடித்தால் கை சுடும். நெருப்புப்பெட்டி நமுத்துப்போகும். "மாதாவுக்கும் இருட்டுத்தான் விருப்பம் போல" என்று ஒரு மாமி பகிடி விட, செபத்துக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிடும்.

அப்படி ஒரு பின்னேரம் பழைய இரும்பு, போத்தல் எடுக்கிற பட்டா லொறி ஒன்று வந்து நின்றது. நாச்சிக்குடாப் பக்கம் போகிற முஸ்லிம் தம்பி. இரும்பு இருக்கிறதா என்று கேட்க இறங்கியவர், நாங்கள் முழங்காலில் நிற்பதைக் கண்டு பேசாமல் வண்டிக்கரையில் நின்றார். செபம் முடிந்ததும், "எங்களிட்ட இரும்பு இல்லைத் தம்பி" என்றேன். "சரி அக்கா" என்று போய்விட்டார்.

அடுத்த கிழமை வந்து ஒரு உரப்பையை இறக்கி வைத்தார். உள்ளே அறுபத்திரண்டு ஜாம் போத்தல். எல்லாம் கழுவி, லேபல் சுரண்டி, பளிச்சென்று இருந்தன. "அடியில ஒரு பிடி மணல் போட்டுத் திரியைக் குத்துங்க அக்கா. காத்துக்குச் சரியாது, நூராது" என்றார். காசு நீட்டினோம். வாங்கவில்லை. போத்தலுக்குக் காசு கொடுத்து எடுக்கிற மனிசன் அவர், அது அவருடைய பிழைப்பு. ஏன் தம்பி என்று கேட்டதற்குத்தான் இதைச் சொன்னார்: "எங்கட உம்மா புத்தளத்தில மௌத்தாகும் வரைக்கும் ஊருக்குக் கூட்டிப் போகச் சொல்லித்தான் கேட்டாங்க."

பட்டா போய்விட்டது. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் சனத்தைப் புலிகள் இயக்கம் போகச் சொன்னபோது எனக்கு இருபத்தொரு வயது. நாங்கள் இந்தத் தீவில் எங்கள் வீட்டில் இருந்தோம். அடுத்த ஞாயிறும் பூசை கண்டிருப்போம். அவர்களுக்காக ஒரு மன்றாட்டு வைத்ததாக எனக்கு நினைவில்லை. அந்த நாளில் வாய் திறக்க ஏலாது என்பீர்கள். உண்மை, ஏலாதுதான். மனதுக்குள் சொல்லியிருக்கலாமே, அதற்கு யாருடைய அனுமதிப் பாஸ் வேண்டும்? இரண்டு வருடத்தில் எங்களுக்கும் அதுவே வந்தது.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011இல் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் போய், வன்னிப் போரின் கடைசியில் கணக்கில் வராமல் போன 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கணக்குக் கேட்பதும் செபம்தான் என்று அதில் இருந்துதான் நான் படித்தேன். அந்த எண்ணை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வடக்கில் இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனம் எத்தனை என்று கேட்டால்? மகளைத்தான் கேட்கவேண்டியிருந்தது. 70,000 பேருக்கு மேல் என்றாள். நீதிக்காகச் செபிக்கிறோம் என்று நாள்தோறும் சொன்ன எனக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது.

போத்தல்களைக் கடகத்தில் அடுக்கி, சேலை சுற்றி, படகில் கொண்டுவந்தோம். முதல் இரவு கோயிலுக்குள் படுத்தபோது இந்தக் கரை மணலைத்தான் அடியில் போட்டோம். சனம் அழுதது. நான் அழவில்லை, திரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி இங்கே ஞாயிறு மன்றாட்டில் ஒன்று அவர்களுக்கு. ஊர் திரும்பி வந்தும் காணி இல்லாமல் இருக்கிறவர்களுக்கு, புத்தளத்திலேயே கண் மூடியவர்களுக்கு, பிறகு அன்றைக்குப் பேசாமல் இருந்த எங்களுக்கு. சுவாமியிடம் சொன்னேன். "நீரே எழுதித் தாரும்" என்றார். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் வரி இன்னும் சரிவரவில்லை.

தம்பி, உம்முடைய பெயரைக் கேட்காமல் விட்டது என் பிழை. இதை யாராவது உமக்கு வாசித்துக் காட்டினால், இரணைமாதா நகர்க் கரைக்கு வந்து தீவுக்குப் போகிற படகு எது என்று கேளும். ஏற்றிக்கொண்டு வருவார்கள். மீனும் சோறும் இருக்கும்.

வருகிற வழியில் ஒரு போத்தல் உடைந்துவிட்டது. மற்ற அறுபத்தொன்றும் கோயிலில் இருக்கின்றன.