கயலுக்கு, பிரேக் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மற்ற சேதியெல்லாம் அப்புறம்.

"முதல் மிதியில் பெடல் கீழே போகிறது, இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. சரிசெய்துவிட்டாயா, அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறாயா? அந்த ஃபியட் 500-ல் பிரேக் ஒற்றை சர்க்யூட். நாலு சக்கரத்துக்கும் ஆயிலைத் தள்ளுவது ஒரே மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு. மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும், அதுவும் பின் சக்கரங்களுக்குத்தான். சரியாகும்வரை வண்டியை எடுக்காதே.

இரண்டாவது மிதியில் பிடித்தால் ஒன்று பிரேக் ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருக்கும், இல்லை லைனில் காற்று இருக்கும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் போய்விட்டது, அல்லது எங்கோ கசிகிறது. முன் டிக்கியைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு பார். குறைந்திருந்தால் நாலு டயரின் உள்பக்கத்தையும் தடவிப் பார். பின்பக்கம் கியர் ஆயில்கூடக் கசியலாம். அது கெட்டியாக, வாடையோடு இருக்கும். பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக நெம்பிப் பார். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் போடாதே, வேலைக்கு ஆகாது. அந்த அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.

ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிகிறது என்று விட்டுவிடாதே. பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே நிற்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம்களைத் தொட்டுப் பார், ஒன்று மட்டும் சுட்டால் அதுதான்.

ஜாக் போடும் இடத்தில் தகரம் துருப்பிடித்திருந்தால் ஜாக் வண்டியின் அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே வரும். ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகாதே. சக்கரத்துக்குக் கட்டை கொடு.

பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கு. உன் வண்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம், ஆகவே வலது பின், இடது பின், வலது முன், இடது முன். பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும். போன முறை மாப்பிள்ளை மிதித்தார் என்று சொன்னாய். இப்போது ஆள் இல்லையென்றால் தனியாகவும் செய்யலாம்: வீல் சிலிண்டரில் ஏர் வெளியேற இருக்கும் நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வை. நிப்பிளை அரைச் சுற்று தளர்த்தி, மெதுவாக மிதி, அதைவிட மெதுவாக விடு. டப்பாவில் ஆயில் தீர விடாதே, தீர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து. டாட் 4 ஆயில், புதிதாகத் திறந்த டப்பா. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும்.

சின்க்ரோமெஷ் (பற்களின் வேகத்தைத் தானாக ஒன்றாக்கும் அமைப்பு) இல்லாத அந்த கியர்பாக்ஸில் டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்சை இரண்டு முறை மிதித்து, சத்தமில்லாமல் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க நம் வீட்டில் உன்னால் மட்டும்தான் முடியும். பெரியவனுக்கு இன்னும் வரவில்லை. அவ்வளவு கை வந்தவள் பிரேக் விஷயத்தில் இப்படி அசட்டையாக இருக்கலாமா?

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவுக் கீல் முன்பக்கம், டாஷ்போர்டு வெறும் தகரம், ஸ்டீயரிங்குக்கு நேரே வட்ட மீட்டர் ஒன்று. 1965-க்குப் பிறகு வந்த எஃப் மாடல்தான், நல்ல வண்டி. 499.5 சி.சி., 18 குதிரைசக்தி. இந்த வண்டியை வடிவமைத்த ஜியாகோசா 1957-ல் கொண்டுவந்ததைவிட ஐந்து குதிரைசக்தி கூடுதல். பின் சீட்டில் தலையணையும் போர்வையும் இருந்தன. துணிப்பை இரண்டு.

ஹீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் தனி ஹீட்டர் கிடையாது. இன்ஜினைக் குளிர்வித்துச் சூடான காற்றுதான் நடு டன்னல் வழியாக உள்ளே வருகிறது. இன்ஜினின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்தால் புகையும் அதே வழியில் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு உள்ளே இருக்காதே. தூங்கவே தூங்காதே. குளிராக இருந்தாலும் பின் சீட்டுக்கு முன்னால் இருக்கும் அந்த லிவரை மூடி வை, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை.

டைனமோவின் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் உடனே ஓரம் கட்டு. கூலிங் ஃபேனும் டைனமோவும் ஒரே அச்சு, ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமில்லை, காற்றும் நின்றுவிடும். பெல்ட் தொய்ந்திருந்தால் புல்லியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருக்கும் வளையத்தில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போட்டு முடுக்கு. கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். டாப்பெட் (வால்வு) இடைவெளி 0.15 மில்லிமீட்டர், இன்ஜின் ஆறியிருக்கும்போது. முன் சக்கரம் திரும்பும் கிங் பின்னுக்கு கிரீஸ் அடி. இதெல்லாம் உனக்குத் தெரியும். முதலில் பிரேக்.

வீல் சிலிண்டர் நாலு, ஹோஸ் ஒரு செட், பெல்ட் ஒன்று, ஹெட் கேஸ்கெட் ஒன்று வாங்கிப் பார்சல் கட்டிவிட்டேன். பணம் அனுப்பாதே. பழைய விலாசத்தை எழுதப் போனேன், அம்மா உன்னைக் கேட்டுவிட்டு எழுதச் சொன்னாள். எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா