எந்த மென்பொருளில் திரையைப் பதிவது?

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. கணக்குப் பாடங்களைத் திரையில் போட்டு வீடியோவாக்கப் போகிறாய் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். நீ செய்தால் பிள்ளைகளுக்கு நிச்சயம் புரியும்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருந்தாய். பதிந்த வீடியோவை அப்புறம் என்ன செய்யப்போகிறாய் என்பதை வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஒருவருக்கு ஒரு விஷயத்தைக் காட்டி அனுப்ப வேண்டும் என்றால் புதிதாக எதையும் நிறுவாதே. விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூலே திரையைப் பதியும். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். விண்டோஸிலேயே இருக்கும் கேம் பாரை மட்டும் பாடத்துக்கு நம்பாதே. அது ஒரு செயலியின் சாளரத்தைத்தான் பிடிக்கும், டெஸ்க்டாப்பையும் கோப்புறைகளையும் பதியாது.

நீ எடுக்கப்போவது 40 நிமிடப் பாடம், பிறகு வெட்டி ஒட்டவும் வேண்டும். அதற்கு ஓபிஎஸ் ஸ்டூடியோதான். இலவசம், திறந்த மூலம், வாட்டர்மார்க் கிடையாது, நேர வரம்பு கிடையாது. முதல் நாள் கொஞ்சம் மிரட்டும். ஆனால் அமைப்புகளை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பிறகு தொடவே வேண்டாம்.

முதலில் கோப்பு வடிவம். சாதாரண எம்பி4-இல் பதியாதே. எந்த ஃபிரேம், அதாவது எந்தத் தனிப் படம், கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எம்பி4 கடைசியில்தான் எழுதும். 38-ஆவது நிமிடத்தில் மின்சாரம் போனால் அந்த அட்டவணை இருக்காது, மொத்தக் கோப்பும் திறக்காது. எம்கேவி என்ற இன்னொரு வடிவத்தில் வைத்தால் போனது கடைசிச் சில நொடிகள்தான். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் எம்பி4 ஆகிவிடும். படத்தை மறுபடி சுருக்காமல் உறையை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது, சில நொடியில் முடியும். ஓபிஎஸ் 30.2 பதிப்பில் வந்த ஹைப்ரிட் எம்பி4 இதே பாதுகாப்பைத் தருகிறது. ஆனாலும் நான் எம்கேவியைத்தான் சொல்வேன், பழைய பதிப்பிலும் அது இருக்கிறது.

அடுத்தது தரம். அவுட்புட் பகுதியில் பதிவுத் தரம் ‘ஸ்ட்ரீம் போலவே’ என்று இருந்தால் மாற்றிவிடு. அது நேரலைக்கான நிலையான பிட்ரேட், அதாவது நொடிக்கு இவ்வளவு தரவு என்ற மாறாத அளவு. நிமிடக்கணக்கில் அசையாத திரைக்கும் அதே அளவைச் செலவழிக்கும். பக்கத்தை உருட்டும்போது பற்றாமல் எழுத்து குழம்பும். நொடிக்கு 6000 கிலோபிட் என்றால் 40 நிமிடத்துக்கு 1.8 ஜிபி. அதற்குப் பதில் அட்வான்ஸ்டு முறையில் சிஆர்எஃப் அல்லது சிக்யூபி தேர்ந்தெடுத்து 20 வை. இவை தரவின் அளவுக்குப் பதில் தரத்தை நிலையாக வைக்கும் முறைகள். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். நொடிக்கு 30 ஃபிரேம் தாராளம். கேன்வாஸ் அளவும் (ஓபிஎஸ்ஸில் நீ அமைக்கும் திரை) அவுட்புட் அளவும் (பதிவாகும் படம்) ஒன்றாகவே இருக்கட்டும், இல்லையென்றால் எழுத்தின் ஓரம் மங்கும்.

நீ கரும்பச்சைப் பலகையில் சிவப்பு எழுத்து வைப்பதாகச் சொன்னாய். வேண்டாம். வழக்கமான வீடியோவில் நான்கு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான் சேமிக்கப்படும். வெளிச்சம் மட்டுமே ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும். பச்சையில் மெல்லிய சிவப்புக் கோடு கசிந்து பரவுவது அதனால்தான். கறுப்பில் வெள்ளையோ மஞ்சளோ எழுது, கூர்மையாக நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் ஸ்கேலை 150 சதவீதம் ஆக்கிக்கொள், பிள்ளைகள் கைபேசியில்தானே பார்ப்பார்கள்.

லேப்டாப்பில் முழுத் திரையையும் பிடிக்கும் டிஸ்ப்ளே கேப்சர் வெறும் கறுப்பாக வந்தால் பயப்படாதே. இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் திரை ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால் அப்படித்தான் வரும். விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் போய், ஓபிஎஸ்ஸுக்கு மின்சிக்கன முறையைக் கொடுத்துவிட்டு ஓபிஎஸ்ஸை மூடித் திற. உலாவிச் சாளரம் மட்டும் கறுப்பாக இருந்தால் ஒரு சாளரத்தை மட்டும் பிடிக்கும் விண்டோ கேப்சரில், பிடிக்கும் முறையை ‘விண்டோஸ் 10’ என்று மாற்று.

ஒலியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். பேசும்போது மீட்டர் மஞ்சளில் ஆட வேண்டும், அதாவது -20 முதல் -9 டெசிபல் வரை. சிவப்பில் தங்கினால் மைக்கைக் குறை. குரல் ஒரு காதில் மட்டும் கேட்டால் ஒலியின் கூடுதல் அமைப்புகளில் மோனோவை டிக் செய். அங்கேயே மைக்கை 2-ஆவது டிராக்கிலும் (தனி ஒலித்தடம்) கணினி ஒலியை 1-லும் பிரித்து வை, பதிவு அமைப்பில் இரண்டையும் டிக் செய். அப்போதுதான் நடுவில் வரும் அறிவிப்பு மணியை உன் குரலைத் தொடாமல் வெட்ட முடியும். மைக், ஓபிஎஸ் இரண்டிலும் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது) 48 கிலோஹெர்ட்ஸாகவே இருக்கட்டும்.

முதல் பாடத்துக்கு முன், தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், 40 நிமிடம் கழித்து கேமரா முன் இன்னொன்று தட்டிப் பதிந்து பார். இரண்டாவதில் சத்தமும் கையும் விலகாமல் இருந்தால் தொடங்கிவிடலாம். விலகினால் எவ்வளவு என்று எழுது, சரிசெய்துவிடலாம்.

அன்புடன்,
செல்வம்